தட்டினால் விட்டுவிட வேண்டும்

பிள்ளைகளே, பெரியவர்களுக்குப் பயமே கிடையாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அருப்புக்கோட்டையில் நூல் கோன் மூட்டைகளை ஏற்றி, சுற்று ஊர்களில் இருக்கிற தறிக்கூடங்களில் இறக்குவது என் பிழைப்பு. எதிரே லாரி முட்டுகிற மாதிரி வந்தாலும் எனக்குக் கை நடுங்காது. ஆனால் என் மகள் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், காலையில் அவள் பஸ் ஏறப் போகிற நேரம் வந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருச்சுழி ரோட்டில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதற்குப் பின்னால் வெறும் பொட்டல், அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம் புதர். பஸ் வராத பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் நடந்து வந்து இங்கேதான் ஏறுவார்கள். எல்லாரும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடம்.

முதலில் என் மனைவிதான் கவனித்தாள். பிள்ளை சாயங்காலம் வரும்போது தலைமுடிக்குள் மண் இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. மணிக்கட்டில் விரல் விரலாகத் தடம்.

"என்னடி இது?"

"வெளையாண்டேம்மா."

அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி. மோர் குடித்தாலும் கேட்கவில்லை, மாத்திரை தின்றாலும் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் வலி நின்றுவிடும். ஒருநாள் நான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்குப் படிப்பு வேணாம்ப்பா. நான் வீட்டுல இருந்து பாத்திரம் வெளக்குறேன், தண்ணி பிடிக்கிறேன். எல்லாம் செய்றேன்."

வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிற பிள்ளை இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! என்னைப் போலவே இவளும் பாதியில் நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். மறுநாள் காலையில் அவளை அனுப்பிவிட்டு, நானும் பின்னாலேயே போய் ஆட்டோவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டு பார்த்தேன்.

பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஒரு பெரிய பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் அவள்தான் பிடிக்கிறவள். நல்ல உடம்பு, சிரித்த முகம். டீக்கடைக்காரருக்குக்கூட அவள் மேல் பிரியம். அவளோடு இன்னும் இரண்டு பேர். பொட்டலில் காலால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள்.

"ஏ நூலு! வாடி, வந்து பாடிட்டுப் போ."

என் மகள் ஒல்லி. நான் நூல் லோடு அடிக்கிறவன். அதனால் அவளுக்கு அந்தப் பெயர்.

"நான் வரலைக்கா."

"வரலையாமே! ஏ, தூக்கிட்டு வாங்கடி அவளை."

கையைப் பிடித்து இழுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். இவள் அசையாமல் நின்றாள். அவ்வளவுதான், அந்தப் பெரிய பிள்ளை இவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே படுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க, கோட்டைத் தொடு பாப்போம்! தொட்டா விட்டுருவோம். தொடுடி நூலு!"

பிள்ளைகளே, எனக்கு எது பயமாக இருந்தது தெரியுமா? என் மகளிடமிருந்து சத்தமே வரவில்லை. அழவில்லை, கத்தவில்லை, "அப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. மண்ணில் முகம் கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். என்னைப் பார்த்ததும் பெரிய பிள்ளை எழுந்து, என் மகளையும் தூக்கிவிட்டு, அவள் பாவாடையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"சும்மா வெளையாட்டு மாமா. இவளை டீமுக்கு ரெடி பண்றோம்!"

டீக்கடைக்காரர் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிள்ளைக வெளாண்டா வெளாடட்டும்ப்பா. நாமளும் இப்படி உருண்டு பெரண்டுதானே வளந்தோம்," என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் மகளிடம், "நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து சார்கிட்ட சொல்றேன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"வேணாம்ப்பா. நீங்க சொன்னீகன்னா இன்னும் ரொம்பப் பண்ணுவா."

இந்த வார்த்தையைக் கேட்டு நான் சும்மா இருந்தது சரியில்லை. உங்களில் யாராவது இப்படிக் கெஞ்சினாலும் உங்கள் அப்பா கேட்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கும் அவள் சொன்னதே சரி என்று பட்டது. பயந்தவனுக்கு எதுவும் செய்யாமல் இருப்பதே நல்ல யோசனை மாதிரித் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பஞ்சுக் குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் தொம் தொம் என்று சத்தம். மேலே ஏறிப் பார்த்தால், தரை முழுக்க ரப்பர் மெத்தை விரித்து, பிள்ளைகள் சோடி சோடியாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒரு பாய். என்னைவிட வயதில் சின்னவர். வளைகுடா நாட்டில் ஒரு பயிற்சிக் கூடத்தில் மெத்தை துடைக்கிற வேலைக்குப் போனவர், அங்கேயே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறார். பகலில் செல்போன் கடை, சாயங்காலம் இது.

"கராத்தேயா பாய்?"

"இல்லண்ணே. கராத்தே நின்னுக்கிட்டு அடிக்கிறது. இதுல அடி, குத்து கெடையாது. கீழ விழுந்து, மேல ஒருத்தன் ஏறி உக்காந்துட்டா என்ன செய்யணும், அதுதான் பாடமே. ஜியு-ஜிட்சுன்னு பேரு."

கீழே விழுந்தவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி, "சீச்சி, என்ன பேருங்க இது, தும்முற மாதிரி," என்றாள். மகள் நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கூட்டிக்கொண்டு போன முதல் நாள் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு பையன் இன்னொரு பையன் கையை மடக்குகிறான், ஒரு பெண் பிள்ளை இன்னொருத்தி மேல் முழு உடம்பையும் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். எதிலிருந்து தப்பிக்க வைக்க நினைத்தேனோ அதே கூத்தை இங்கே பாடமாக நடத்துகிறார்களே, கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அப்போது கீழே கிடந்த பிள்ளை, தரையில் கையால் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். மேலே இருந்தவள் அந்த நொடியே விட்டுவிட்டு விலகி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"அதுதாண்ணே இங்க சட்டம்," என்றார் பாய். "தட்டினா விட்டுறணும். யாரு எவன்னு கெடையாது. வலிச்சாலும் தட்டலாம், பயமா இருந்தாலும் தட்டலாம். தட்டின பெறகு ஒரு நொடி கூடப் பிடிச்சாலும் அவனை மெத்தையில ஏத்த மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் மகளை மெத்தையில் ஏறச் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு. மற்ற நாளெல்லாம் வீட்டில் நான்தான் அவளுக்கு எதிராளி. பஞ்சு மெத்தையைத் தரையில் விரித்து, அவள் மல்லாந்து படுத்துக்கொள்வாள். நான் முழங்காலிட்டு மேலே கவிழ்ந்துகொள்வேன். முழங்கையை இரண்டு பேருக்கும் நடுவில் முட்டுக் கொடுப்பது, பாதத்தை இடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து இடுப்பைத் தூக்குவது, ஒருபக்கமாக ஒதுங்கி நழுவுவது, பிறகு எதிராளியைப் பார்த்தபடியே எழுந்து நிற்பது. இவ்வளவும் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் தட்டுவது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. எனக்கும் அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. "தட்டும்மா, தட்டிரு, அப்பா விட்டுருவேன்," என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் அம்மா சிக்கெடுக்கும்போது முடியை இழுத்துவிட்டால்கூடச் சுவரில் டப் டப் என்று தட்டுவாள். "இதுக்குமா?" என்று அவள் அம்மா தலையில் செல்லமாகக் குட்டுவாள்.

வயிற்றுவலி குறைந்தது. பஸ்ஸுக்குப் போனாள். பொட்டலில் அந்த ஆட்டம் நிற்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. எனக்கும் பயம் அடங்கியிருந்தது.

அப்போதுதான் அந்த போன் வந்தது. காரியாபட்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் பேசினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க பாப்பா மத்தியானம் கிரவுண்டுல மயங்கிட்டா. இப்ப முழிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருக்கோம்."

பயப்படாதீர்கள் என்று யாராவது போனில் சொன்னால் அதைவிடப் பயமுறுத்துகிற வார்த்தை வேறு இல்லை. பாதி மூட்டைகளை இறக்காமலே வண்டியைத் திருப்பினேன். அந்த ரோட்டில் நான் தினமும் போகிறேன், அன்றைக்கு மட்டும் அது முடியவே இல்லை. வெயிலில் தார் ரோடு தண்ணீர் மாதிரி மினுங்குகிறது. முழித்துவிட்டாள் என்று சொன்னாரே, மறுபடி மயங்கியிருந்தால்? பொய் சொல்லியிருந்தால்? எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். வேகமாகப் போகிறேன் என்று நினைத்தேன். பார்த்தால் நடுரோட்டில் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறேன், கால் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் செக்கச் செவேல் என்றிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டியதில் வந்த மயக்கம், இன்று முழுக்கக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"தட்டுனேம்ப்பா. நெறையத் தட்டுனேன். அவ விடவே இல்லை."

என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"தட்டுனா விட்டுறணும்லப்பா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சுவர் ஓரமாக அந்தப் பெரிய பிள்ளையும் நின்றுகொண்டிருந்தாள். ஆசிரியர் அவளையும் கூட்டி வந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சிரித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை.

"மாமா, வேணும்னு செய்யலை மாமா. அவ கையைத் தரையில அடிச்சா. கோட்டைத் தொடப் போறானு நெனச்சேன். அதான் இன்னும் இறுக்கிப் பிடிச்சுட்டேன்."

கபடி தெரிந்த பிள்ளைகளுக்கு இது புரியும். எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகினதும் கற்றுக்கொள்கிற ஆட்டம் அது. பாடி வந்தவளைப் பிடித்துக் கீழே அமுக்கினால், அவள் கையை நீட்டி நீட்டித் தரையில் அடித்து நடுக்கோட்டைத் தொடப் பார்ப்பாள். தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் அவுட். அதனால் கை தரையில் விழுகிற சத்தம் கேட்டாலே பிடித்தவள் இன்னும் இறுக்குவாள். யோசித்து இறுக்குவதில்லை, தானாகவே இறுகும். நானும் அந்த ஆட்டம் ஆடி வளர்ந்தவன்தான். மெத்தையில் வைத்து மகளைத் தட்டு தட்டு என்று பழக்கிய எனக்கு இது ஒருநாளாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சரியாக எந்தச் சைகையைப் பார்த்தால் அந்தப் பிள்ளை விடவே மாட்டாளோ, அந்தச் சைகையைத்தான் பழக்கி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே அந்தத் தும்மல் வித்தையும் வேணாம், அந்த ஸ்கூலும் வேணாம். பிள்ளை உசுரோட வீட்டுல கெடக்கட்டும்."

மகள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். புத்தகப் பையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கண்ணில் படக் கூடாதாம். அடுத்த சில நாட்கள் யாராவது பக்கத்தில் திடீரென்று வந்து உட்கார்ந்தால் உதறிக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கிறபோதெல்லாம், மண்ணில் வாய் திறந்து சத்தமில்லாமல் கிடந்தாளே, அந்த முகம்தான் தெரிந்தது.

பாயிடம் போய் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிடக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அவள் வாசலுக்கு வந்தாள்.

"நானும் வாரேம்ப்பா. மாஸ்டர்ட்ட ஒண்ணு கேக்கணும்."

மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் மகள் மெத்தையில் ஏறவில்லை. ஓரத்தில் நின்றுகொண்டே கேட்டாள். மெதுவான குரல்தான், ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தட்டுனா விடுவாங்கன்னு சொன்னீங்க. அவ விடலை. நீங்க பொய் சொன்னீங்களா மாஸ்டர்?"

நடந்ததை நான் சொன்னேன். பாய் அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது.

"பொய் சொல்லலைம்மா. பாதிதான் சொல்லிருக்கேன். இந்த மெத்தைக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் அந்தச் சட்டம் தெரியும். வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாது. வெளிய மொதல்ல வாயைத் திறந்து கத்தணும். அதை நான் சொல்லிக் குடுக்கவே இல்லை. நான் கத்துக்கிட்ட எடத்துல யாரும் கத்த மாட்டாங்க. அதனால எனக்கு நெனப்பே வரலை." பிறகு என்னைப் பார்த்து, "தப்பு எம்மேலதாண்ணே. நீங்க நிறுத்துறதா இருந்தா நிறுத்திக்கங்க. ஆனா இன்னைக்கு ஒரு தடவை மட்டும் பழகிட்டுப் போகட்டும்," என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"யாரு பிடிக்கப் போறது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அவுக அப்பாதான்," என்றார் பாய். "அண்ணே, பாரத்தை உங்க முழங்கையில தாங்கிக்கங்க, நெஞ்சுல போடாதீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். ஆனா இன்னைக்கு மட்டும் இவ தட்டினா விடாதீங்க. சத்தம் கேட்டாத்தான் விடணும்."

பிள்ளைகளே, என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. என் சொந்த மகள் கீழே படுத்திருக்கிறாள். இரண்டு கைகளையும் அவள் தோளுக்கு இருபுறமும் ஊன்றி நான் கவிழ்ந்திருக்கிறேன். அவள் கண்ணுக்கு நேரே என் முகம். கழுத்துப் பக்கம் அந்தச் சிவப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. முதலில் சும்மாதான் கிடந்தாள். பிறகு அவள் மூச்சு வேகமாயிற்று. கண் பெரிதாயிற்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பதில் அந்தப் பெரிய பிள்ளையைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

டப் டப் என்று தட்டினாள்.

என் கை தானாக விலகப் போயிற்று.

"விடாதீங்கண்ணே!" என்றார் பாய்.

மறுபடி தட்டினாள். மறுபடி. என் நெற்றி வியர்வை அவள் கன்னத்தில் சொட்டியது. போதும், இந்தப் பாவம் வேண்டாம், எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பொட்டலில் பார்த்த அதே வாய்.

"மூச்சை உள்ள இழும்மா," என்றார் பாய், மெதுவாக. "முட்டுக் குடு. எடம் கெடச்சாத்தான் சத்தம் வரும்."

அவள் முழங்கை எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்தது. பாதத்தை உள்ளே இழுத்தாள். இடுப்பு ஒரு பக்கமாக நழுவியது. நெஞ்சுக்கு இடம் கிடைத்ததும் உள்ளே ஒரு பெரிய மூச்சுப் போனது.

"விடு!"

மாடியே அதிர்ந்தது. கீழே குடோனில் இருந்த லோடுமேன் ஒருவர், "ஏய், மேல என்னப்பா?" என்று கத்தினார். நான் பயந்துபோய் மெத்தைக்கு வெளியே போய் விழுந்தேன்.

பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். "ஏலே, அவுக அப்பாவையே விடுங்கிறாடா!"

என் மகள் எழுந்து உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "விடுங்கப்பா," என்று திருத்திச் சொன்னாள்.

"மரியாதை எல்லாம் அப்பறம் குடுத்துக்கலாம்," என்றார் பாய். "இன்னொருக்கா கத்து."

அவள் கத்தினாள். அன்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். கத்துவது, இடம் உண்டாக்கி எழுவது, பெரியவர்கள் இருக்கும் பக்கம் ஓடுவது, போய் நடந்ததைச் சொல்வது. இந்த வரிசையில்தான் அன்றிலிருந்து அங்கே பாடம். எதிராளியை ஜெயிப்பது அதில் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பையை அவளே எடுத்தாள். அவள் அம்மாவுக்கு மனசே இல்லை. நான் கூடவே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விளையாட்டு ஆசிரியரிடம் நான் ஆரம்பித்த பேச்சை அவள் வாங்கி, பொட்டலில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நடுவில் நிறுத்தவே இல்லை. அவர் பெரிய பிள்ளையின் வீட்டாரை வரவழைத்துப் பேசினார். அடுத்து வந்த போட்டியில் அவளை ஆடவிடாமல் உட்கார வைத்தார்.

அதில்தான் எனக்குப் புதுப் பயம் பிடித்தது. ஆட்டம் போன ஆத்திரத்தில் அந்தப் பிள்ளை சும்மா இருப்பாளா? பஸ் நிற்கும் இடத்தில் ஆசிரியரா வந்து நிற்கப் போகிறார்?

அடுத்த திங்கட்கிழமை மகளை ஆட்டோவிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை.

"பஸ்ஸுல போறேம்ப்பா. நீங்க வேணா அந்தப் பக்கம் நில்லுங்க. நான் கத்துனா மட்டும் வாங்க."

நின்றேன். ஆட்டோ கதவில் ஒரு கை, சாவியில் ஒரு கை. பெரிய பிள்ளையும் மற்ற இரண்டு பேரும் கருவேலம் ஓரமாக நின்றிருந்தார்கள். என் மகள் டீக்கடைக்கு முன்னால், ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளை நடந்து வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏ நூலு, ஒன்னாலதான்டி நான் வெளிய உக்காந்தேன். வா இங்கிட்டு, பேசணும்."

"கையை விடு!"

ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே காது அடைத்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் ஓடினேன். குறுக்கே ஒரு பைக் வந்ததால் நின்று ஓட வேண்டியதாயிற்று. நான் போய்ச் சேருவதற்குள் அவள் கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவிக்கொண்டு, டீக்கடைக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"சும்மா பேசத்தானடி கூப்பிட்டேன். எதுக்கு ஊரைக் கூட்டுற?"

"எனக்குப் பிடிக்கலை. இனிமே என்னைத் தொடாத."

டீக்கடைக்காரர் என்னையும் பார்த்தார், அந்தப் பிள்ளையையும் பார்த்தார். "அதான் வேணாங்குதுல்ல அந்தப் பிள்ளை. தள்ளி நில்லு தாயி," என்றார்.

பஸ் வந்தது. என் மகள் ஏறினாள். அந்தப் பெரிய பிள்ளையும் அதே பஸ்ஸில்தான் ஏறினாள், வேறு பஸ் ஏது? கதவு நிறையக் கூட்டம். நான் எட்டி எட்டிப் பார்த்தேன், என் மகள் தெரியவில்லை. பஸ் போய்விட்டது. நரிக்குடிப் பக்கம் ஒரு லோடு இருந்தது. போனேன், இறக்கினேன், திரும்பினேன். அன்று முழுக்க ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அந்த ஆசிரியராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன்.

சாயங்காலம் பஸ் வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே போய் நின்றுவிட்டேன். இறங்கினாள். நான் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தேன்.

"என்னப்பா கழுத்தையே பாக்குறீக?"

"அவ ஏதாச்சும் பண்ணுனாளா?"

"ஒண்ணும் பண்ணலை. மொறச்சுக்கிட்டே வந்தா. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. ஸ்கூலு வர்ற வரைக்கும் இருந்துச்சு."

அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"நாளைக்கு எப்படிம்மா? போவியா?"

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைப்பா," என்றாள். "போகாம எப்படி?"